கண்ணாடியத் தொடச்சுட்டுத்தான் படிச்சேன்

வேண்டாங்க, நீங்க சாப்பிடுங்க. எனக்கு முறுக்கு ஆகாதுங்க. ஒடம்புக்கு ஆகாதுன்னு இல்ல. தப்பா நெனைக்காதீங்க, பஸ் ஸ்டாண்டுல அந்தத் தள்ளுவண்டிக்காரன்கிட்டத்தான வாங்குனீங்க? நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். அக்குளச் சொறிஞ்ச கையிலயே பொட்டணம் மடிக்கறான். எண்ணெய் ஒரு வாரத்து எண்ணெய், நெறத்தப் பாத்தாலே தெரியுதுங்க. ச்சீ. நீங்க சாப்பிடுங்க, நான் சன்னல் பக்கம் திரும்பிக்கறேன்.

திரும்பி மட்டும் என்ன ஆகப்போகுது. இந்தச் சன்னல் கம்பியில எவனோ வெத்தல எச்சியத் தொடச்சுட்டுப் போயிருக்கறான். காத்தால இந்த சீட்டுல யாரோ வாந்தி எடுத்திருக்கறாங்க. கழுவித்தான் உட்டிருக்கறாங்க. கழுவுன தண்ணியும் நாறுதே, அதுக்கு என்ன பண்றது?

நீங்க காங்கயமா? அப்பச் சரி. நான் அதுக்கு முந்தியே எறங்கிருவேன். செம்மங்காட்டுப்புதூருங்க. எங்கூருக்கு ரெண்டு ஸ்டாப்பு. மொதல்ல சொசைட்டி ஸ்டாப்பு வரும், அப்பறம் கோயில் ஸ்டாப்பு. என்ற ஊடு கோயில்கிட்ட. சொசைட்டி ஸ்டாப்புல நான் எறங்கி ஏழு மாசம் ஆச்சுங்க. எறங்கவும் மாட்டேன். வேலைக்குப் போறதுகூடப் பின்வழியா நடந்துதான்.

என்ற பேரு ராக்கியப்பன். டெஸ்டர் ராக்கியப்பன்னா அந்தப் பக்கம் தெரியாதவங்க இல்லீங்க. பால் சொசைட்டில இருவத்தொம்பது வருசம் டெஸ்டரு. காத்தால சொசைட்டி தொறந்தா சனம் போசியும் கேனுமா வரிசையில நிக்கும். ஒவ்வொருத்தர் பாலையும் மோந்து பாக்கோணும், நெறம் பாக்கோணும், அப்பறம் ஜார்ல ஊத்தி லாக்டோமீட்டர உடோணும். கண்ணாடிக் குழாயிங்க அது, பால்ல மெதக்கும். இருவத்தெட்டுல நின்னா நல்ல பாலு. இருவத்தாறுக்குக் கீழ போச்சுன்னா தண்ணி.

ஆனா எனக்கு மீட்டரே வேண்டாமுங்க. போசி மூடியத் தொறந்ததுமே மனசு சொல்லிரும். தண்ணி. இல்லாட்டி, நேத்துப் பாலு. இல்லாட்டி, ஈ உழுந்துது, எடுத்துப் போட்டுட்டு வந்திருக்கறான். மீட்டரெல்லாம் அப்பறம், ஒரு சாட்சிக்குத்தான்.

அந்த மனசு இருக்குது பாருங்க, சொசைட்டியப் பூட்டுனாலும் அது பூட்டறதில்ல. ஊட்டுக்குப் போனா சம்சாரம் காப்பி கொண்டாந்து வெப்பா. மேல ஆடை படிஞ்சு சுருங்கிக் கெடக்கும். ச்சீ, செத்த தோலாட்டம். சோத்துல கைய வெச்சா, அரிசி களைஞ்சாளா இல்லியா. கல்யாண ஊட்டுல பந்தியில உக்காந்தா, பரிமாறறவன் வேர்வை சாம்பார்ல சொட்டுது. ஒருத்தன் என்னையப் பாத்துச் சிரிச்சான்னு வெச்சுக்கங்க, இவன் சிரிப்புல என்னமோ கலந்திருக்குது. இதெல்லாம் நான் ஒக்காந்து யோசிக்கறதில்லீங்க. தானா வருது. நான் கூப்பிடறதே இல்ல.

ஐப்பசியில இருந்து ரொம்பவுமே மோசமாப் போச்சு. சோறு எறங்கறதில்ல. வாயில வெச்சா ஒமட்டுது. ஒம்பது கிலோ எறங்கிட்டேன், இந்தச் சட்டையப் பாருங்க, என்றது மாதிரியா இருக்குது? ஈரோட்டுல ஆசுபத்திரியில ரத்தம் எடுத்தாங்க, வயித்துக்குள்ள குழாய உட்டுப் பாத்தாங்க. ஒண்ணுமில்லீனுட்டாங்க. ஒண்ணுமில்லாத மனுசனுக்கு மாடியில ஒரு ரூம்பு இருக்குதாம். அங்க போங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்துட்டாங்க.

கவுன்சிலிங்காமா! அங்க ஒரு அம்மணி, பர்வீன்னு பேரு. என்ற மகன விடச் சின்னப் புள்ள. மேசையில தண்ணி பாட்டல், மூடி இல்ல. எனக்கு அதுலயே கண்ணு.

"எப்ப இருந்து சார் இப்படி இருக்கு?"

"ஐப்பசியில இருந்துங்க அம்மணி."

"ஐப்பசியில என்ன நடந்துச்சு?"

"மழ பேஞ்சுது."

என்னத்தையோ எழுதிக்கிச்சு. மழ பேஞ்சத எழுதறதுக்கு ஒரு நோட்டு.

அப்பறம் சொல்லுது, "சார், அந்த நெனப்பு வரக்கூடாதுன்னு நாம சண்டை போட வேண்டாம். அது வரத்தான் செய்யும். ஆனா அது ஒரு நெனப்பு மட்டுந்தான். வந்த ஒடனே அது சொல்றபடி ஒரு முடிவெடுக்காதீங்க. கொஞ்ச நேரம் அது பாட்டுக்கு இருக்கட்டும். அப்பறமாப் பாருங்க."

எனக்கு வந்துதுங்க பாருங்க ஆத்திரம். இதச் சொல்றதுக்கு ஒரு படிப்பு! ஏனுங்க, பொறுத்துப் பாக்கறதப் பத்தி எனக்குப் பாடமா? பக்கத்தூரு சொசைட்டில புதுசா ஒருத்தன் டெஸ்டரா வந்தான். பீச்சுன சூட்டோட பால ஜார்ல ஊத்தி மீட்டர உடறான். நான் அவன் கையப் புடிச்சு நிறுத்துனேன். "மடையா, சூட்டுல மீட்டரு கீழ எறங்கிரும். நொரையும் அடங்காம இருக்கும். நல்ல பாலக்கூடத் தண்ணின்னு காட்டும். ஒருத்தன் மானத்தையே வாங்கிரும். ஆற உட்டுத்தான் அளக்கோணும்"னு நாலு பேரு முன்னால சொன்னேன். இந்தச் சுத்துவட்டாரத்துல எத்தன டெஸ்டருக்கு அதக் கத்துக் குடுத்திருக்கறேன்! என்கிட்டப் போயி ஆற உடுன்னு சொல்லுது. பால ஆற வெக்கலாமுங்க. நெனப்ப எதுல ஊத்தி ஆற வெக்கறது, தட்டத்துலயா?

ரெண்டாவது வாரம், இன்னொண்ணு. எந்த வார்த்த மனசுல அடிக்கடி வருதுன்னு கேட்டுச்சு. கலப்படம்னேன். அதையே வேகமாச் சொல்லுங்கங்குது. ஒரு நிமிசம் நிறுத்தாமச் சொல்லோணுமாம். கலப்படம் கலப்படம் கலப்படம் கலப்படம்னு நானும் சொல்றேன். கதவத் தொறந்து ஒரு நர்சம்மா எட்டிப் பாக்குது. வெளிய ஒக்காந்திருந்த சனமெல்லாம் பாக்குது. அறுவத்தி ரெண்டு வயசுல எனக்கு இந்தக் கெரகம். ஆனா ஒண்ணுங்க, சொல்லச் சொல்ல அந்த வார்த்தையில ஒண்ணுமே இல்லாமப் போச்சு. தகர டப்பாவத் தட்டற மாதிரி வெறும் சத்தம். அம்மணி சிரிச்சுது. "பாத்தீங்களா சார், திரும்பத் திரும்பச் சொன்னா அர்த்தம் கழண்டுக்குது." சிரிக்கறப்ப பல்லுல கீரை ஒட்டியிருந்துச்சு. நான் சொல்லலைங்க.

மூணாவது வாரம் அந்த நெனப்புக்கு ஒரு பேரு வெக்கச் சொல்லுச்சு. நான் நல்லமுத்துன்னு வெச்சேன். நல்லமுத்து எங்க சொசைட்டியோட பழைய செயலாளரு. அவனளவுக்கு அருவருப்பான மனுசன நான் பாத்ததில்ல. தும்முனா கையத் தொடைக்காம அப்படியே கையெழுத்துப் போடுவான். எதையாச்சும் என்ற காதுல ஓதிக்கிட்டே இருப்பான். அவன் சொன்ன ஒரு பேச்சக்கூட நான் கேட்டதில்லீங்க. இப்ப என்ன ஆச்சுன்னா, காப்பியில ஆடை படிஞ்சா உள்ள நல்லமுத்து, ச்சீ செத்த தோலுங்கறான். அவன் சொல்லி நான் என்ன கேக்கறதுன்னு வீம்புக்கு ரெண்டு மடக்குக் குடிச்சுட்டேன். அது குணமானதுன்னு அர்த்தமில்லீங்க. வீம்பு. அம்மணிகிட்டச் சொன்னதுக்கு ரொம்பச் சந்தோசப்பட்டுது. எனக்கு அதுவும் புடிக்கல.

ஆங்? அந்தப் பையிலயா? அது ஒண்ணுமில்லீங்க. பட்டம். முகூர்த்தத்துக்கு முந்தி பொண்ணு நெத்தியில தாய்மாமன் கட்டறது. ஈரோட்டுக் கடைவீதியில கண்ணுல பட்டுது, வாங்குனேன். யாருக்காச்சும் ஆகும். கூட இருக்கறது புது வேட்டி. அதுவும் சும்மாத்தான்.

நாளைக்கு என்ற தங்கச்சி பாவாயி மகளுக்குக் கல்யாணமுங்க. இந்துமதின்னு பேரு. நாந்தான் தாய்மாமன், கூடப் பொறந்தவன் நான் ஒருத்தந்தான். பத்திரிக எப்படி வந்துதுன்னு கேளுங்க. தபால்ல. தாய்மாமனுக்குத் தபால்ல! தட்டத்துல வெச்சு, மொதப் பத்திரிகயா, ஊடு தேடி வந்து குடுக்கோணும். அதுதான் மொற. போஸ்ட்மேன் எச்சியத் தொட்டுப் பொரட்டி எடுத்து நீட்டறான். கையில வாங்கவே கூசுச்சு. பட்டம் கட்டறதுக்குச் சென்னிமலையில இருந்து எங்க பெரியப்பம் பையன வரச் சொல்லியிருக்கறாளாம். அவன் நகத்துக்குள்ள எப்பவும் அழுக்கு. அந்தக் கையில புள்ள நெத்தியத் தொடப்போறான். நெனச்சாலே கொமட்டுது.

என்ன தப்புப் பண்ணிட்டேன்? ஞாயத்தத்தான சொன்னேன்? நீங்களே கேட்டுச் சொல்லுங்க.

பாவாயி ஊடு சொசைட்டிக்கு நேரெதிர்ல, ரோட்டத் தாண்டுனா வந்துரலாம். ஊட்டுக்காரரு போயி ஆறு வருசம் ஆச்சு. ஒரு சிந்து மாடு வெச்சிருந்தா. தெனமும் அவதான் கடைசியா வருவா. பீச்சி வெச்சுட்டு, சாணி வாரிட்டு, வாசல் கூட்டிட்டு, சாவகாசமா வருவா. எத்தன வருசமா அளக்கறேன், இருவத்தெட்டுக்கு ஒரு புள்ளி கொறஞ்சதில்ல. சொந்தங்கறதுக்காகச் சொல்லல.

அன்னைக்கு ஐப்பசி மழ. விடிஞ்சும் விடியாமக் குளுருன்னா குளுரு. வரிசையில இருவது பேரு நனஞ்சுக்கிட்டு நிக்கறாங்க. நான் கதவத் தொறக்கறேன், மொத ஆளா நிக்கறா பாவாயி. கடைசியா வர்றவ மொத ஆளா! "அண்ணா, சட்டுன்னு அளந்து உட்ருங்கண்ணா. இன்னைக்கு இந்துவப் பொண்ணு பாக்க வர்றாங்க, நெறைய வேல கெடக்குது"ங்கறா. மூச்சு வாங்குது அவளுக்கு. கையில தூக்குப்போசி.

அப்பவே மனசு சொல்லிருச்சு. தண்ணி. எதுக்கு இத்தன அவசரம்? தப்புப் பண்றவங்கதானுங்க அவசரப்படுவாங்க. அவசரத்துல பால் பத்தாமப் போச்சு, கொடத்துல மொண்டு ஊத்திட்டு வந்துட்டா. ஊத்தறத நான் என்ற கண்ணால பாத்த மாதிரியே இருந்துச்சு. இருந்தாலும் நான் மொறப்படித்தான் பண்ணேன். மழையில சனம் நிக்குதேன்னு சட்டுன்னு ஜார்ல ஊத்துனேன், மீட்டர உட்டேன். குனிஞ்சு பாக்கறேன், சரியாத் தெரியல, மங்கலா இருந்துச்சு. வேற எவனாச்சும்னா குத்துமதிப்பாச் சொல்லியிருப்பான். நான் கண்ணாடியக் கழட்டி, வேட்டித் தலப்புல தொடச்சு, மறுபடியும் மாட்டிட்டுத்தான் படிச்சேன். கவனிச்சுக்கங்க, கண்ணாடியத் தொடச்சுட்டுத்தான் படிச்சேன். இருவத்தஞ்சு!

"பாவாயி, தண்ணி ஊத்திட்டு வந்திருக்கற. எடுத்துட்டுப் போ."

இருவது பேரும் பாக்கறாங்க. அவளுக்கு மொகம் என்னமோ ஆயிருச்சு. "அண்ணா, நானா? நானாண்ணா?"ன்னா. போசியில இருந்து மூடியில ஊத்தி என்ற மொகத்துக்கு நேரா நீட்டறா. "குடிச்சுப் பாருண்ணா. உன்ற வாயிக்குத் தெரியுமில்ல? குடிச்சுட்டுச் சொல்லு." எங்க ஆத்தா போனப்பறம் அந்தப் புள்ளைக்கு நாந்தான் சோறு பெசஞ்சு ஊட்டுனேன். என்ற வாயி அவளுக்குத் தெரியும், அவ வாயி எனக்குத் தெரியும்.

நான் ச்சீன்னு மொகத்தத் திருப்பிக்கிட்டேன்.

அது தானா வந்துதுங்க. நான் நெனச்சுச் சொல்லல.

அவ போசியத் தூக்கிட்டு வெளிய போயி, சொசைட்டி வாசல்லயே, அத்தன பாலையும் மண்ணுல ஊத்துனா. மழத்தண்ணியோட வெள்ளயா ரோடு வரைக்கும் ஓடுச்சு. பால மண்ணுல ஊத்தலாமுங்களா? அத்தன பேரும் ஐயையோங்கறாங்க. அப்படி ஒரு திமிரு. மறுநாள்ல இருந்து ரெண்டு மைல் நடந்து தனியார்காரனுக்குப் போயி ஊத்துனா. ரெண்டே மாசம், மாட்டையும் வித்துட்டா. அன்னைக்குப் பொண்ணு பாக்க வந்தவங்க, தாய்மாமன் எங்கன்னு கேட்டாங்களாம். வெளியூரு போயிருக்கறாருன்னு சொன்னாளாம். எதிர்க்க சொசைட்டிக்குள்ளதானுங்க நான் ஒக்காந்திருந்தேன். சன்னல்ல பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தேன்.

இன்னைக்கு அந்த பர்வீன் அம்மணிகிட்ட மொதத் தடவயா இத முச்சூடும் சொன்னேன். கேட்டுட்டு, "சார், நாளைக்குக் கல்யாணத்துக்குப் போங்க"ங்குது. நான் எப்படிங்க போறது? தப்பு அவ மேல. மீட்டரு சொல்லுச்சு. நானா சொன்னேன்? என்ற மனசு தப்பாச் சொல்லும்னு வெச்சுக்கங்க, மீட்டரு சொல்லுமா? அதுவும் நான் கண்ணாடியத் தொடச்சுட்டுத்தான்...

என்னங்க?

எதுக்குத் தொடச்சேன்னா? மங்கலா இருந்துச்சு, தொடச்சேன். மழையா? இல்லீங்க, நான் உள்ளல்ல ஒக்காந்திருந்தேன். ஓட்டுக் கட்டடம், ஒரு சொட்டு ஒழுகாது. கதவத் தொறக்கறப்பக்கூட நல்லாத்தான் தெரிஞ்சுது, வரிசையில இருவது பேர எண்ணுனனே. ஜார் மேல குனிஞ்சேன், அப்பத்தான் கண்ணாடி பூரா வெள்ளயா...

வெள்ளயா...

ஆவிங்க அது.

சித்தே இருங்க. சித்தே இருங்க. அந்தக் குளுருல, ஜார்ல இருந்து ஆவி வந்து கண்ணாடியில படிஞ்சுது. மாட்டு மடியில இருந்து நேரா வந்த பாலு. பொண்ணு பாக்க வர்றாங்கன்னு பீச்சுன கையோட ரோட்டத் தாண்டி ஓடியாந்திருக்கறா. மத்த நாளெல்லாம் சாணி வாரி, வாசல் கூட்டி, கடைசியா வருவா. அதுக்குள்ள ஆறியிருக்கும். அன்னைக்கு ஆறவே இல்ல. நொரை ஜார் வாய் வரைக்கும் நின்னுச்சுங்க. இப்பக் கண்ணு முன்னால தெரியுது. அவ மூடிய நீட்டுனப்ப என்ற வெரல்ல பட்டுது. சுட்டுது. சுட்டுதுங்க. அப்பவும் எனக்கு ஒறைக்கல. தண்ணின்னு மனசு சொல்லிருச்சு, அதுக்கு மேல நான் எதையுமே பாக்கல.

சூட்டுல மீட்டர உட்டுட்டேன். நான். ஊருக்கெல்லாம் கத்துக் குடுத்தவன். நல்ல பாலு. இருவத்தெட்டு நின்னிருக்கும்.

தூ. எனக்கே என்ற மேல கொமட்டுதுங்க. முறுக்குக்காரன் கைய என்னமோ சொன்னேன். ஒரு நல்ல புள்ளயத் தெருவுல நிக்க வெச்ச வாயி இது. எச்சிக் கம்பியாம், வாந்தி சீட்டாம்! இந்த பஸ்ஸுலயே நாறிக்கிட்டு வர்றவன் நாந்தான்.

சொசைட்டி ஸ்டாப்பு வருதுங்களா? அதா, அந்தப் புளியமரத்துக்குப் பக்கத்துல பந்தல் தெரியுது பாருங்க, அவ ஊட்டுப் பந்தல். உள்ள நல்லமுத்து ஆரம்பிச்சுட்டான். போகாதங்கறான். வாசல்லயே நிறுத்துவா, இருவது பேரு முன்னால, நீ பண்ண மாதிரியேங்கறான். நிறுத்துனா நிக்கோணும். நிறுத்தலாமுங்க அவ. நிறுத்தட்டும்.

மீட்டர் சமாச்சாரத்தச் சொல்லிரலாம். சூடா இருந்துச்சு, நான் தப்பா அளந்துட்டேன், உன்ற மேல ஒண்ணுமில்ல சாமின்னு, அத்தன சனமும் கேக்கச் சொல்லிரலாம். ஆனா அந்த ச்சீய என்னங்க பண்றது? கலப்படம்னு நூறு தடவ சொன்னேன், வெறும் சத்தமாப் போச்சு. திரும்பத் திரும்பச் சொன்னா அர்த்தம் கழண்டுக்கும்னு அந்த அம்மணி சொல்லுச்சு. பாவாயிகிட்ட நான் ஒருக்காத்தானுங்க சொன்னேன்.

கண்டக்டர் தம்பி, சொசைட்டில நிறுத்துங்க. ஆமா, சொசைட்டியிலதான், கோயில் ஸ்டாப்பு இல்ல. கொஞ்சம் வழி உடுங்க, அந்தப் பைய எடுத்துக் குடுங்க. பட்டம் கசங்காமப் பாத்துக் குடுங்க. நல்லாயிருங்க, போயிட்டு வர்றனுங்க.

இருங்க, ஒரு நிமிசம். படி தெரிய மாட்டீங்குது. கண்ணாடியத் தொடச்சுக்கறேன். இப்ப எதுக்குத் தொடைக்கறேன்னு மட்டும் கேட்டுராதீங்க.